ஓம் முதலில் போட்ட தப்புக் கணக்கு

முதல் வருஷம் பிசிக்ஸ் லேபில் ஓம் விதி சோதனை என்றாலே எங்க பேட்ச்சுக்கு ஒரே குஷி. மீட்டரைப் பார்க்கவே வேண்டாம். ரெசிஸ்டன்ஸ் 10 ஓம் என்று தெரியும். கரண்ட் 0.1 என்றால் வோல்டேஜ் 1, 0.2 என்றால் 2 என்று விடையிலிருந்து பின்னாடி போய் ரீடிங் எழுதுவோம். சந்தேகம் வராமல் இருக்க நடுவில் ஒன்றை மட்டும் 2.1 ஆக்கிவிடுவோம். (எல்லார் ரெக்கார்டிலும் அதே 2.1 இருந்தது வேறு கதை.)

அந்த விதியைக் கண்டுபிடித்த மனுஷருக்கே முதல் தடவை அது சரியாக வரவில்லை என்று ரொம்ப நாள் கழித்துத்தான் படித்தேன். அதைவிட, வந்த தப்பு விடையை அவர் அச்சிலேயே போட்டுவிட்டார்!

ஜார்ஜ் சைமன் ஓம் 1789-ல் ஜெர்மனியின் எர்லாங்கன் ஊரில் பிறந்தவர். அப்பா பூட்டு செய்யும் தொழிலாளி. தானாகவே கணக்குப் படித்து, பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுத்தவர். பையன் யுனிவர்சிட்டிக்குப் போய் டான்ஸ், பில்லியர்ட்ஸ், ஐஸ் ஸ்கேட்டிங் என்று சுத்த ஆரம்பிக்க, அப்பா கடுப்பாகி ஸ்விட்சர்லாந்துக்கு வாத்தியார் வேலைக்கு அனுப்பிவிட்டார். 1817-ல் கொலோன் நகரப் பள்ளியில் கணக்கும் பிசிக்ஸும் எடுக்க வந்து சேர்ந்தார். ஆராய்ச்சி எல்லாம் அங்கேதான்.

அப்போது வோல்ட்மீட்டர் கிடையாது, அம்மீட்டர் கிடையாது. "தடை" என்று ஒன்றை எண்ணால் சொல்லலாம் என்பதே யாருக்கும் தெளிவாக இல்லை. கம்பியில் கரண்ட் ஓடினால் பக்கத்தில் இருக்கும் காந்த ஊசி திரும்பும் என்று 1820-ல் ஓர்ஸ்டெட் காட்டியிருந்தார். ஓம் கையில் இருந்த மீட்டர் அதுதான். ஊசியைத் தொங்கவிட்டு, திரும்பினதைப் பழைய இடத்துக்குக் கொண்டுவர எவ்வளவு முறுக்க வேண்டியிருக்கிறது என்று பார்த்தால் கரண்ட்டின் அளவு தெரியும்.

1825-ல் வோல்ட்டா பாணி மின்கலத்தை வைத்து, வேறு வேறு நீளக் கம்பிகளைச் சேர்த்து அளந்தார். பிரச்சினை என்னவென்றால், அந்தக் கலம் ஒரு நிலையில் நிற்காது. இணைத்தவுடன் ஒரு வேகம், கொஞ்ச நேரத்தில் தட்டில் வாயுக் குமிழ் ஒட்டி வேறு வேகம். கம்பி மாறினதால் கரண்ட் குறைந்ததா, கலம் களைத்ததால் குறைந்ததா? பிரிக்கவே முடியாது. கடைசியில் லாகரிதம் போட்ட ஒரு சூத்திரம் வந்தது. அப்படியே வெளியிட்டார். தப்பு.

அப்போது பொக்கெண்டார்ஃப் என்ற பத்திரிகை ஆசிரியர் ஒரு யோசனை சொன்னார். கலத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு, 1821-ல் சீபெக் கண்டுபிடித்த வெப்ப மின் இரட்டையைப் பயன்படுத்திப் பாருங்களேன் என்று. இரண்டு உலோகங்களைச் சேர்த்து, ஒரு இணைப்பைச் சூடாகவும் மற்றதைக் குளிர்ச்சியாகவும் வைத்தால் மின்சாரம் வரும். ஓம் பிஸ்மத்தையும் தாமிரத்தையும் எடுத்தார். ஒரு முனை கொதிக்கிற தண்ணீரில், இன்னொரு முனை உருகுகிற ஐஸில். தண்ணீர் கொதிக்கிற வரைக்கும் 100 டிகிரி, ஐஸ் தீருகிற வரைக்கும் 0 டிகிரி. கிடைக்கிற வோல்டேஜ் துளியூண்டுதான். ஆனால் ஆடாது, அசையாது.

1826-ல் எட்டு தாமிரக் கம்பிகள்: 2, 4, 6, 10, 18, 34, 66, 130 அங்குலம். ஒரு நாள் ரீடிங்கில் 2 அங்குலத்துக்கு 326¾ வருகிறது, 130 அங்குலத்துக்கு 48½. இங்கேதான் நான் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டேன். கம்பி 65 மடங்கு நீண்டும் கரண்ட் ஏழில் ஒரு பங்காகத்தான் குறைந்திருக்கிறது! நானாக இருந்தால் ரீடிங்கை "சரி" செய்திருப்பேன் :-) ஓம் கம்பி நீளத்தோடு இன்னொரு எண்ணைக் கூட்டினார். சர்க்யூட்டின் மற்ற பாகங்களுக்கு உரிய எண் அது, 20¼. இப்போது 2 என்பது 22¼, 130 என்பது 150¼. வகுத்துப் பாருங்கள்: 6.75. ரீடிங்குகளை வகுத்தால் 6.74.

நாம் பள்ளியில் வி = ஐஆர் என்று ஒரு மூச்சில் ஒப்பிக்கிறோமே, அது இப்படித்தான் பிறந்தது. மேலே இருக்கிற எண்ணை ஆடாமல் நிறுத்தின பிறகுதான் கீழே இருப்பதை அவரால் பார்க்க முடிந்தது.

1827-ல் புத்தகமாகவும் போட்டார். பெரிய வரவேற்பு இல்லை. யுனிவர்சிட்டி வேலை கிடைக்கும் என்று நம்பியிருந்தவர், கிடைக்காமல் கொலோன் வேலையையும் விட்டார். 1841-ல் லண்டன் ராயல் சொசைட்டி காப்ளி பதக்கம் கொடுத்தது. மியூனிக்கில் பிசிக்ஸ் பேராசிரியர் ஆனது 1852-ல், இறப்பதற்கு இரண்டே வருஷம் முன்னால்.

இன்னொரு கூத்து. இங்கிலாந்தில் கேவண்டிஷ் 1781-லேயே இந்த உறவைப் பிடித்துவிட்டார். மீட்டர்? அவர் உடம்புதான். உப்புத் தண்ணீர்க் குழாய்கள் வழியாக ஷாக் வாங்கி, எது பலமாக அடிக்கிறது என்று ஒப்பிட்டார். யாரிடமும் சொல்லவில்லை. மேக்ஸ்வெல் அந்தக் குறிப்புகளைப் பதிப்பித்தது 1879-ல். அதற்குள் பெயர் ஓமுக்குப் போய்விட்டது.

பவர் கணக்கு ஜூல் உபயம். 1840-ல் தண்ணீருக்குள் கம்பிச் சுருளை வைத்து, வெப்பம் கரண்ட்டின் வர்க்கத்தையும் தடையையும் பொறுத்தது என்று காட்டினார். ஓம் விதியோடு சேர்த்தால் வோல்டேஜ் பெருக்கல் கரண்ட். வீட்டு அயர்ன் பாக்ஸ் 1000 வாட், 230 வோல்ட்: கரண்ட் 4.35 ஆம்பியர், தடை சுமார் 53 ஓம். மல்டிமீட்டரில் அளந்தாலும் கிட்டத்தட்ட அதேதான் வரும்.

60 வாட் குண்டு பல்புக்கு இதே கணக்கைப் போட்டால் 882 ஓம். கழற்றிக் கையில் வைத்து அளந்தால் அதில் பத்தில் ஒரு பங்குகூடக் காட்டாது. எரியும்போது டங்ஸ்டன் இழை இரண்டாயிரம் டிகிரியைத் தாண்டிச் சூடாகிறது, தடையும் கூடவே ஏறுகிறது. அன்றைக்கு லேபில் ரெசிஸ்டருக்குப் பதில் ஒரு டார்ச் பல்பைக் கொடுத்திருந்தால், எங்க 2.1 அங்கேயே மாட்டியிருக்கும்.