வாடகைதாரரை வெளியேற்றுதல் (தமிழ்நாடு)

தமிழ்நாட்டின் நகர்ப்பகுதிகளில் வீட்டிலோ கடையிலோ வாடகைக்கு இருப்பவரைச் சட்டப்படி வெளியேற்றும் முறை, 2017ஆம் ஆண்டின் நில உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகள் மற்றும் பொறுப்புகள் ஒழுங்குமுறைச் சட்டத்தில் வகுக்கப்பட்டுள்ளது. 2019 பிப்ரவரி 22 அன்று நடைமுறைக்கு வந்த இச்சட்டம், 1960ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை நீக்கியது. அரசுக் கட்டடங்கள் உள்ளிட்ட சில வகைகளுக்கு இது பொருந்தாது.

பழைய சட்டத்தில் வழக்கின் மையம் காரணம்தான். வேண்டுமென்றே வாடகை கொடுக்காதது, உள்வாடகைக்கு விட்டது, உரிமையாளரின் சொந்தத் தேவை, இடித்துக் கட்டுவது ஆகியவற்றுள் ஒன்றை நிரூபிக்க வேண்டும். மேல்முறையீடு, சீராய்வு என்று நீண்டு, தந்தை தொடுத்த வழக்கை மகன் முடித்து வைப்பது அரிதல்ல.

புதிய சட்டம் ஒப்பந்தத்தை முன்னிறுத்துகிறது. பத்திரப் பதிவைத் தவிர்க்கவே பரவிய பதினொரு மாத ஒப்பந்தம் உட்பட, எந்த வாடகை ஒப்பந்தமும் எழுத்தில் இருந்து, வாடகை அதிகாரியிடம் பதிவாக வேண்டும். அப்படி ஒப்பந்தம் செய்துகொள்ளத் தவறுவதே காலி செய்யக் கோருவதற்கு ஒரு காரணம். வாய்மொழியாகவே பல ஆண்டு குடியிருந்தவர்களுக்கு இந்தப் பிரிவு கடுமையானது. உயர் நீதிமன்றத்தில் அதிகம் விவாதிக்கப்பட்டதும் இதுவே. இரண்டு மாத வாடகை நிலுவை, எழுத்துமூல இசைவின்றிப் பிறரிடம் ஒப்படைத்தல், அறிவிப்புக்குப் பிறகும் தவறாகப் பயன்படுத்துதல், இடிப்பு, சொந்தத் தேவை ஆகியவை மற்ற முக்கியக் காரணங்கள்.

நிலுவைக்கு முதலில் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். அது கிடைத்த ஒரு மாதத்துக்குள் வட்டியோடு முழுத் தொகையையும் செலுத்திவிட்டால் அந்தக் காரணத்தால் வெளியேற்ற முடியாது. இல்லையேல் உரிமையாளர் வாடகை நீதிமன்றத்தில் மனு செய்வார். உத்தரவை எதிர்த்து 30 நாட்களுக்குள் வாடகைத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்யலாம். உரிமையியல் நீதிமன்றத்துக்கு இவ்விவகாரங்களில் அதிகாரமில்லை.

இதற்கிடையே தண்ணீரையோ மின்சாரத்தையோ துண்டித்து நெருக்குதல் கொடுப்பதைச் சட்டம் தடுக்கிறது. வாடகைதாரர் வாடகை அதிகாரியிடம் முறையிட்டு இணைப்பை மீட்கலாம். பூட்டை மாற்றுவது, சாமான்களை வெளியே வைப்பது போன்றவையும் உரிமையாளர் தாமே செய்யத்தக்கவை அல்ல. காலம் முடிந்தும் வெளியேறாதவரிடம் மாத வாடகையைப் போல் இரு மடங்கு இழப்பீடு கோரலாம் என்பதே உரிமையாளருக்குச் சட்டம் தரும் நெம்புகோல்.

உத்தரவு இறுதியானபின் அதை நிறைவேற்றுவதும் நீதிமன்றமே. தேவையானால் காவல்துறை உதவி பெறப்படும். அட்வான்ஸ் தொகை, நிலுவையும் சேதமும் கழித்து, வாடகைதாரருக்குத் திரும்ப வேண்டும். 2019க்கு முன் தொடுக்கப்பட்டு நிலுவையில் இருந்த வழக்குகள் பழைய சட்டப்படியே தொடர்கின்றன.