இசை வாழும் ஏடு

பெருநாரை, பெருங்குருகு என்னும் பழந்தமிழ் இசைநூல்கள் மறைந்தொழிந்தமையைச் சிலப்பதிகார உரையாசிரியர் அடியார்க்கு நல்லார் குறித்துள்ளார். ஓலை நெடுநாள் நில்லாது. பழைய ஏட்டிலுள்ளதைப் புதிய ஏட்டில் பெயர்த்தெழுதுவார் இருந்தால்தான் நூல் வாழும். கணினியில் இசையமைப்போர்க்கும் இவ்வுண்மை பொருந்தும். அவர்க்கு ஏடாவது கணினியை இயக்கும் இயங்குதளமே. எத்தளம் இசைக்கு ஏற்றது என்னும் வினாவுக்கு அதன் வரலாறே விடை தரும்.

1983-ஆம் ஆண்டில் மிடி என்னும் பொதுமுறை தோன்றியது. ஜப்பானின் ரோலண்ட், அமெரிக்காவின் சீக்குவென்ஷியல் சர்க்கிட்ஸ் முதலிய போட்டி நிறுவனங்கள் உடன்பட்டு வகுத்த முறை அது. ஒருவர் செய்த கருவியை மற்றொருவர் செய்த கருவியால் இயக்க அதனால் இயன்றது. 1985-இல் வந்த அடாரி எஸ்.டி. கணினி மிடி இணைப்பை உடன்கொண்டே பிறந்தது. அதனால் இசைஞர் பலர் அதனை நாடினர். கியூபேஸ் என்னும் இசைமென்பொருள் 1989-இல் அதற்கென்றே வெளிவந்தது. ஆயினும் 1993-இல் அடாரி கணினித் தொழிலையே கைவிட்டது.

லாஜிக் என்னும் மென்பொருளின் கதையும் எண்ணத்தக்கது. ஜெர்மானிய நிறுவனமான எமாஜிக் அதனை மெக்கின்டாஷ், விண்டோஸ் இரண்டிற்கும் வழங்கிவந்தது. 2002 ஜூலையில் ஆப்பிள் அந்நிறுவனத்தை வாங்கிற்று. செப்டம்பர் இறுதியோடு விண்டோஸ் பதிப்பு நின்றது. அதில் பழகியோர், கணினியை மாற்றுவதா, மென்பொருளை மாற்றுவதா என்னும் இக்கட்டில் சிக்கினர்.

1989-இல் கோடம்பாக்கத்தில் ஒலிக்கூடம் அமைத்து, 1992-இல் 'ரோஜா' வழியாகப் புகழெய்திய ஏ.ஆர்.ரகுமான் லாஜிக்கைக் கையாள்பவர். அவர் 2008-இல் சென்னையில் நிறுவிய இசைக்கல்லூரியிலும் அது கற்பிக்கப்படலாயிற்று. இதனால் மெக்கின்டாஷே இசைக்குரியது என்று கருதுவோர் உளர். அது முழுதும் சரியன்று. விசையை அழுத்துவதற்கும் ஒலி எழுவதற்கும் இடையிலுள்ள தாமதமே விண்டோஸின் பழைய குறை. 1997-இல் ஸ்டைன்பெர்க் நிறுவனம் வகுத்த ஏசியோ முறை அதனைப் பெரிதும் நீக்கிற்று. கட்டற்ற லினக்ஸிலும் ஆர்டர் போன்ற மென்பொருள்கள் உள்ளன.

ஆகவே, பணிக்கேற்ற மென்பொருளை முதலில் தேர்ந்து, அது இயங்கும் தளத்தைப் பின்னர்த் தேர்வதே முறை. அதனினும் முதன்மையானது படியெடுத்து வைத்தல். மிடி கோப்பு சுரக்குறிப்பைக் காக்கும். வேவ் கோப்பு ஒலியைக் காக்கும். இரண்டும் எத்தளத்திலும் திறக்கும். அடாரி மறைந்தபின்னும் அதில் சேமித்த மிடி கோப்புகள் இன்றும் ஒலிக்கின்றன.

காப்பார், கிள்ளான் வட்டாரத் தோட்டங்கள் பல இன்று வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. அங்கு ஒலித்த தாலாட்டையும் உறுமியோசையையும் கணினியில் பதியும் இளைஞர் இதனை மறத்தலாகாது. படியெடுப்பார் இல்லாத ஏடு எதுவாயினும், அதன் முடிவு பெருநாரையின் முடிவேயாகும்.