பங்கு வாங்குவோர்க்கு ஒரு நாட்குறிப்பு

கணிப்பொறி நிறுவனங்களின் பங்குகளை வாங்க விழையும் மாணவர்கள், வணிக உத்தி பற்றி எந்நூலைப் படிக்கலாம் என வினவுகின்றனர். பல்கலைக்கழகம் அமைந்த காலாப்பட்டில் இவ்வினா புதிதன்று. அமெரிக்கப் பேராசிரியர்களின் நூல்களை நான் குறை கூறேன். ஆயினும் ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பையே முதலிற் புரட்டுங்கள் என்பேன். அது நம் தமிழிலேயே எழுதப்பட்டது.

1719-இல் பாரிசில் ஜான் லா என்பார் நடத்திய கம்பெனியின் 500 லிவர் பங்கு, சில மாதங்களில் ஏறத்தாழ 10,000 லிவருக்கு ஏறிற்று. மிசிசிப்பிக் கரையின் செல்வம் பற்றிய பேச்சும், அவரே அச்சிட்டுப் பெருக்கிய காகிதப் பணமும் அதனை ஏற்றின. மறு ஆண்டே எல்லாம் சரிந்தது. அக்கம்பெனிக்கு இந்தியாவில் தலைமையிடம் நம் புதுச்சேரி. இங்கே எத்தனை கப்பல் வந்தது, எவ்வளவு துணி ஏறிற்று என்று பாரிசில் பங்கு வாங்கினவருள் எவர் கேட்டார்?

பிள்ளையவர்கள் கேட்டார். 1736 முதல் கப்பல் வரவு, சரக்கு, கடன், கவர்னர் மாளிகைப் பேச்சு யாவற்றையும் குறித்தார். துய்ப்ளேக்சின் போர்கள் வணிகத்தின் முதலை விழுங்கியதை அவ்வேடுகளில் காணலாம். 1761 ஜனவரி 12-இல் அவர் மறைந்தார். நான்காம் நாள் நகரம் ஆங்கிலேயர் வசமாயிற்று.

இடிந்த நகரைக் கட்ட 1765-இல் கவர்னராக வந்தவர் லா தெ லொரிஸ்தோன். அவர் ஜான் லாவின் உடன்பிறந்தார் மகன்!