உறை போட்ட பல்லுக்குக் கம்பி கட்டலாமா?

யுத்தத்தில் முன்பல் உடைந்து, பின்னர் கிரவுன் எனப்படும் உறை போட்டுக்கொண்டவர்கள் சிலர் என்னிடம் கேட்ட கேள்வி இது. பெரும்பாலும் கட்டலாம். கம்பி நகர்த்துவது உறையை அல்ல, அதன் கீழுள்ள வேரை. வேரும் எலும்பும் உறுதியாக இருந்தால், நரம்பு எடுத்த பல்லும் நகரும்.

சிக்கல் ஒட்டுவதில்தான். இயற்கைப் பல்லில் பூசும் அமிலம் பீங்கான் உறையில் போதிய பிடிப்பைத் தராது. மேற்பரப்பைச் சொரசொரப்பாக்கி, வேறு இரசாயனம் பூசியே ஒட்டுவார்கள். கடைவாய்ப் பல் என்றால் உறையைச் சுற்றி உலோக வளையம் மாட்டலாம். கம்பியைக் கழற்றும்போது பீங்கான் சிதறக்கூடும். ஆகவே புதிய உறை போடும் எண்ணம் இருந்தால் சிகிச்சை முடியும்வரை பொறுப்பது நல்லது.

எலும்பில் பதித்த செயற்கைப் பல் நகராது. ஒன்றாக இணைத்துக் கட்டிய பற்களும் தனித்தனியே நகரமாட்டா.

கண்டியை அடுத்த பேராதனையில், பல்கலைக்கழகப் பல் மருத்துவ பீடத்தோடு இணைந்த போதனா வைத்தியசாலை இருக்கிறது. எங்கு சென்றாலும் பழைய எக்ஸ்ரே, சிகிச்சைக் குறிப்புகளைக் கொண்டுசெல்லுங்கள். தாடையில் ஷெல் துண்டு இருந்தால் முதலிலேயே சொல்லுங்கள். சிகிச்சை பொதுவாக 18 முதல் 24 மாதங்கள் நீளும். 4 முதல் 8 வாரங்களுக்கு ஒருமுறை வைத்தியரிடம் போகவேண்டும். வன்னியிலிருந்து வருவோர் பஸ் செலவையும் இழக்கும் நாட்கூலியையும் கணக்கிட்டுத் தொடங்குங்கள்.