பகிர்ந்த முழுவுரைத் தேடல் அடைவு

எந்தச் சொல் எந்தெந்த ஆவணத்தில் வருகிறது என்று குறித்துவைத்து, பல சேவையகங்கள் சேர்ந்து தாங்கும் பட்டியல். ராகலையில் ஒருவர் தமிழ் விக்கிப்பீடியாவில் தன் ஊர்ப்பெயரைத் தேடும்போது பதில் தருவது இத்தகைய அடைவே. அதன் பிரதிகள் அமெரிக்காவின் வர்ஜீனியா, டெக்சாஸ் தரவு மையங்களில் இருக்கின்றன.

இத்துறையின் அடித்தளம், டக் கட்டிங் 1999இல் எழுதிய லூசீன் என்ற தேடல் நிரலகம். அதன் அடைவு ஒன்றில் ஒரு நேரத்தில் ஒரு நிரலே எழுதலாம். ஒரே வட்டில் அடைவை வைத்துப் பல சேவையகங்களையும் எழுதவிட்டால், ஒன்று பூட்டுப்போடும், மற்றவற்றால் எழுத முடியாது. பூட்டை வலிந்து உடைத்தால் அடைவே சிதையலாம். ஆகவே லூசீன்மேல் எழுந்த எலாஸ்டிக்சர்ச் (2010) போன்றவை அடைவைத் துண்டுகளாக்கி, ஒவ்வொன்றின் நகலையும் வேறொரு சேவையகத்தில் வைக்கின்றன. ஆவணம் எந்தத் துண்டுக்குப் போகும் என்பதைத் துண்டுகளின் எண்ணிக்கையே தீர்மானிப்பதால், பிறகு அந்த எண்ணிக்கையை நினைத்தபடி மாற்ற முடியாது. சேவையகங்களிடையே இணைப்பு அறுந்து, பிரிந்த இரு பாதிகளும் தாமே தலைமை என்று எழுதத் தொடங்குவதைத் தடுக்க, தலைமையைத் தேர்ந்தெடுக்கப் பெரும்பான்மை வாக்கு கட்டாயம்.

தமிழுக்குத் தனிச் சிக்கல்கள் உண்டு. ‘கொட்டகலை’ என்ற ஊர்ப்பெயரின் முதலெழுத்தில் வரும் ஒகரக்குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும், கொம்பும் காலுமாக இரண்டாகவும் எழுதலாம். கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. ஒன்றாக்காவிட்டால் அடைவுக்கு அவை இரு வேறு சொற்கள். ‘ராகலையில்’, ‘ராகலைக்கு’ என்ற வடிவங்களும் ‘ராகலை’யோடு சேர்க்காதவரை அப்படித்தான். இவற்றை ஒன்றுசேர்க்கும் விதிகள் எல்லாச் சேவையகங்களிலும் ஒன்றாக இருக்க வேண்டும். மாற்றினால் பழைய ஆவணங்கள் அனைத்தையும் மறுபடி அடைவிட வேண்டும்.