சிவந்த ஒளியும் கழுத்து நோவும்

சில மாதங்களுக்கு முன் மாத்தளைக்குச் சென்றிருந்தபோது, எல்கடுவைப் பக்கத் தோட்டமொன்றில் முப்பது வருடங்கள் கொழுந்து பறித்து ஓய்வு பெற்ற அம்மா ஒருவர் என்னிடம் கேட்டார்: "ஐயா, அந்தச் செவப்பு லைட்டு புடிச்சா கழுத்து வலி போயிருமா? காசு கட்டலாமா?" தனியார் சிகிச்சை நிலையமொன்றில் லேசர் சிகிச்சைக்குப் பத்துத் தடவை வரச் சொல்லியிருக்கிறார்கள். பத்திரிகைக்காரனுக்கு எல்லாம் தெரியும் என்பது அவருடைய நம்பிக்கை. அன்று மழுப்பிவிட்டேன். பின்னர்தான் தேடிப் படித்தேன்.

ஒளியை மருந்தாக்கும் முயற்சி பழையது. டென்மார்க் வைத்தியர் நீல்ஸ் ஃபின்சன், செறிவூட்டிய ஒளியால் தோல் காசநோயைக் குணப்படுத்தி 1903 இல் நோபல் பரிசு பெற்றார். நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள் வந்தபின் அந்தச் சிகிச்சை வழக்கொழிந்தது.

1960 இல் அமெரிக்காவில் தியோடர் மைமன் மாணிக்கக் கல்லைக் கொண்டு முதல் லேசரை இயக்கினார். அதனால் கட்டிகளை அழிக்கலாம் என்று போஸ்டனில் நடந்த பரிசோதனையைத் தாமும் செய்து பார்க்க, புடாபெஸ்ட் நகரின் வைத்தியர் எண்ட்ரே மெஸ்டர் 1960களின் பிற்பகுதியில் முனைந்தார். அவரிடமிருந்த லேசரின் வலு மிகக் குறைவு, கட்டிகள் அழியவில்லை. ஆனால் எலிகளின் மழித்த தோலில் மயிர் விரைவாக வளர்ந்தது; காயங்களும் விரைந்து ஆறின. பின்னர் ஆறாத புண்களால் வருந்திய மனிதர்களுக்கும் அவ்வொளியைப் பயன்படுத்தினார். தோற்றுப்போன பரிசோதனையொன்றிலிருந்து ஒரு சிகிச்சை பிறந்தது.

சிவப்பு ஒளியையும் கண்ணுக்குத் தெரியாத அண்மை அகச்சிவப்பு ஒளியையும் உயிரணுக்களில் சக்தி உண்டாக்கும் இழைமணிகள் உறிஞ்சுகின்றன என்பதே இன்று பெரும்பாலோர் கூறும் விளக்கம். இங்கே அளவுதான் முக்கியம்: குறைந்தால் பயனில்லை, மிகுந்தாலும் பயன் கெடும்.

கழுத்து வலி பற்றிய 16 பரிசோதனைகளை, மொத்தம் 820 நோயாளிகளை, ஒருசேர ஆராய்ந்த கட்டுரையொன்று 2009 இல் லான்செட் சஞ்சிகையில் வெளியானது. நாட்பட்ட வலியுள்ளோருக்குச் சிகிச்சை முடிந்து 22 வாரங்கள் வரை வலி தணிந்திருந்ததாக அது கூறிற்று. ஆகவே இது வெறும் ஏமாற்று வித்தையன்று. அதேவேளை, எல்லா வலிக்கும் இதுவே மருந்து என்று கூறும் விளம்பரங்களுக்கு ஆதாரமில்லை. புற்றுநோய்க் கட்டியின் மீது இதைப் பாய்ச்சுவதை வைத்தியர்கள் தவிர்க்கிறார்கள். கண்ணில் படவும் கூடாது.

காசு கட்டுமுன் அரசாங்க வைத்தியசாலையில் காட்டி, வலியின் காரணத்தை அறியுங்கள். அங்கே இயன்மருத்துவர் சொல்லும் பயிற்சிகளைச் செய்யுங்கள். அதன் பிறகும் தேவைப்பட்டால் ஒளியைப் பற்றி யோசிக்கலாம் என்று அந்த அம்மாவுக்குத் தொலைபேசியில் சொன்னேன்.

"சரிங்க ஐயா," என்றவர், தம் மகளும் இப்போது அதே மலையில்தான் கொழுந்து எடுப்பதாகச் சொன்னார். மன்னார்க் கரையிலிருந்து காட்டு வழியே நடந்து மாத்தளைக்கு வந்த கோப்பிக் காலத்து மூதாதையர் முதல், பாரம் தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வருகிறது. தலையில் கயிறு மாட்டிச் சுமக்கும் அந்தக் கூடையின் எடையைக் குறைக்கும் லேசர் எதுவும் இன்னும் வரவில்லை.