ஒரு மீட்டர் இறங்க எத்தனை மீட்டர்? – சறுக்குச் சிறகுகளின் வரலாறு



பந்திங்கை அடுத்துள்ள ஜூக்ரா, சுல்தான் அப்துல் சமாட் வாழ்ந்த பழைய அரச நகர். அங்குள்ள குன்று இன்னொரு வகையிலும் பெயர் பெற்றது. பாராகிளைடிங் வீரர்கள் துணிச் சிறகை விரித்து அதிலிருந்து பறந்துள்ளனர். சாலாக் செலாத்தான் மாணவர்களுக்கு அதிகத் தொலைவில் இல்லாத அக்குன்றைச் சான்றாகக் கொண்டு, ஓர் எண்ணின் வரலாற்றை இங்குக் கூற விழைகின்றேன்.

அவ்வெண்ணின் பெயர் சறுக்கு விகிதம். அசைவற்ற காற்றில் 1 மீட்டர் கீழிறங்குவதற்குள் ஒரு சிறகு எத்தனை மீட்டர் முன்செல்கிறதோ, அதுவே அதன் சறுக்கு விகிதமாகும். சிறகைத் தாங்கும் தூக்குவிசையை, அதனைத் தடுக்கும் இழுவிசையால் வகுத்தாலும் இதே விடை கிட்டும்.

சிறகுகளை முறையாக ஒப்பிட்டு அளந்த முன்னோடிகளுள் செர்மானியரான ஓட்டோ லிலியெந்தால் தலையாயவர். சுழலும் கோலின் முனையில் பல வடிவச் சிறகுகளைப் பொருத்தி விசைகளை அளந்து, 1889ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். 1891 முதல் தாமே பறந்தார்; 250 மீட்டர் வரை சறுக்கினார். 1896ஆம் ஆண்டு ஆகத்து மாதம் பறக்கையில் வீழ்ந்து, மறுநாள் உயிர் துறந்தார். ஒப்பீட்டின் தொடக்கத்திலேயே ஓர் உயிர் விலையாகக் கொடுக்கப்பட்டது.

நம் மலாயாத் தீவுக்கூட்டக் காடுகளுக்கும் இவ்வரலாற்றில் இடமுண்டு. அல்சோமித்ரா என்பது வெள்ளரிக் குடும்பத்தைச் சார்ந்த ஒரு கொடி. அதன் விதை, ஏறத்தாழ 13 செண்டிமீட்டர் அகலமுள்ள மெல்லிய சிறகுடன் காற்றில் சறுக்கிச் செல்லும். அதன் சறுக்கு விகிதம் 3 முதல் 4 வரை. இவ்விதையைக் கண்டு வியந்த பொகிமிய நாட்டு இகோ எட்ரிச், அதன் வடிவிலேயே சறுக்கூர்தி செய்தார். அம்முயற்சி 1910ஆம் ஆண்டில் 'தௌபே' வானூர்தியாக வளர்ந்தது.

துணிச் சிறகின் கதை பட்டத்தில் தொடங்குகிறது. பட்டம் செய்வதில் வல்லவரான தோமினா ஜால்பெர்ட், காற்று புகுந்து உப்பும் அறைகளைக் கொண்ட துணிச் சிறகை 1964ஆம் ஆண்டளவில் உருவாக்கினார். அவ்வகை வான்குடையைக் கொண்டு 1978ஆம் ஆண்டில் பிரான்சின் மியூசி என்னும் ஊரில் மூவர் மலைச்சரிவில் ஓடிப் பறந்தனர். அன்றைய சிறகுகளின் விகிதமும் ஏறத்தாழ 3 முதல் 4 வரைதான். மனிதன் தைத்த சிறகு, காட்டு விதையின் அளவிலேயே நின்றது!

அதன்பின் வளர்ச்சி விரைவாயிற்று. சிறகு நீண்டு குறுகியது, அறைகள் பெருகின, கயிறுகள் மெலிந்தன. நான்கு வரிசைக் கயிறுகள் போட்டிச் சிறகுகளில் இரண்டாகக் குறைந்தன. கயிறு குறையுந்தோறும் இழுவிசை குறையும். இன்று தொடக்கநிலைச் சிறகுகள் ஏறத்தாழ 8 அல்லது 9 எனவும், போட்டிச் சிறகுகள் 11க்கு மேலும் சறுக்குகின்றன.

ஆனால், இவ்வெண்ணை அளப்பது எளிதன்று. ஒரு சிறகு நொடிக்கு 10 மீட்டர் முன்சென்று 1 மீட்டர் இறங்கினால் விகிதம் 10. காற்று நொடிக்கு வெறும் 10 செண்டிமீட்டர் மேலெழுந்தாலே இறக்கம் 0.9 மீட்டராகி, விகிதம் 11 என்று காட்டும்! எனவேதான் அமைதியான காற்றில் இரு சிறகுகளை அருகருகே பறக்கவிட்டு, எடையையும் இருக்கையையும் ஒத்தவாறு அமைத்து, பறப்பவர்களை மாற்றிப் பலமுறை ஒப்பிடுவர். எடை கூடினால் வேகம் கூடுமேயன்றி, விகிதம் பெரிதும் மாறாது என்பது மாணவர்கள் வியக்கும் செய்தி.

எண்ணைத் துரத்திய போட்டியின் மறுபக்கத்தை 2011ஆம் ஆண்டு உலகம் கண்டது. ஸ்பெயினின் பியெத்ராகிதாவில் நடந்த உலக வாகையர் போட்டியில் இருவர் ஒரே நாளில் உயிரிழந்தனர். போட்டி நிறுத்தப்பட்டது. பாதுகாப்புத் தகுதிச் சான்று பெறாத திறந்த வகைச் சிறகுகளுக்கு உலக வான்விளையாட்டுக் கூட்டமைப்பு தடை விதித்தது. பின்னர், போட்டிச் சிறகுகளுக்கெனத் தனி வரையறைகளும் சோதனைகளும் வகுக்கப்பட்டன.

இப்பொழுது ஒரு கணக்கு. 200 மீட்டர் உயரத்திலிருந்து புறப்பட்டால், அசைவற்ற காற்றில் விகிதம் 4 உள்ள பழஞ்சிறகு 800 மீட்டர் செல்லும். விகிதம் 9 உள்ள இன்றைய தொடக்கநிலைச் சிறகு 1,800 மீட்டர் செல்லும். விகிதம் 11 உள்ள போட்டிச் சிறகோ 2,200 மீட்டர். நாற்பதாண்டு கால வளர்ச்சியின் பெரும்பங்கு, தானே நிலைபெறும் இயல்புடைய எளிய சிறகுக்கே கிட்டியுள்ளது. எஞ்சிய 400 மீட்டரைப் பெற மிகுந்த பயிற்சியும் கூடுதல் இடரும் வேண்டும்.

ஐரோப்பியச் சோதனை முறை சிறகுகளை 'ஏ' முதல் 'டி' வரை வகைப்படுத்துகிறது. அது அளப்பது தொலைவை அன்று. சிறகு மடங்கினால் எவ்வாறு மீள்கிறது என்பதை. எவ்வளவு தொலைவு செல்லும் என்னும் கேள்விக்கும், தடுமாறினால் மீளுமா என்னும் கேள்விக்கும் இரு வேறு அளவுகோல்கள் உள்ளன. சிறகைத் தேர்பவர் இரண்டாவதை முதலில் கேட்கட்டும்.